நல்ல தண்ணீர்க் கொசுவும் எங்கள் சம்பந்தி அம்மாவும்

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி. நம் ஊர் மலேரியாக் கொசு ஒன்று கப்பலோ விமானமோ ஏறிக் கடல் தாண்டி, ஆப்பிரிக்கா பக்கத்து நகரங்களில் குடியேறிவிட்டதாம். அங்கே ஏற்கெனவே இருந்த மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துப் பக்கம், குட்டையிலும் வயலிலும் வளர்கிறவையாம். இது போய் நட்டநடு நகரத்தில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் குடித்தனம் வைத்து, மாடி வீட்டுக்காரர்களையும் படுக்கப் போடுகிறதாம். வெளியிலிருந்து வந்து ஆக்கிரமிக்கும் இனம் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்பாவி, அங்கேயும் போய்ச் சேர்ந்துட்டியா!

எனக்கு அவளைத் தெரியும். அவள் என்றுதான் சொல்ல வேண்டும், கடிப்பதெல்லாம் பெண் கொசுதானே. என் வீட்டுக்குள் வந்து, என் தங்கையின் ரத்தத்தைக் குடித்து, என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தவள். திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனாலும் அவளுடைய சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் வாய் பிளக்கிறது. எங்கள் தெருவில் சாக்கடை நாறிக் கிடந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும் அந்த மகராசிக்கு.

அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பாதி வீடும் பாதி காலி மனையுமாக ஒரு தெரு. என் கணவர் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவார். நான் முன்னறை ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். தெருவில் யார் வருகிறார்கள், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். மறைப்பானேன், எனக்கு அது பிடிக்கும்.

தண்ணீர்ப் பஞ்சம் வந்து எங்களை ஆட்டி வைத்துவிட்டுப் போன சமயம் அது. லாரி சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடியிருக்கிறோம். பஞ்சம் போய்விட்டது, பயம் போகவில்லை. வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில் சம்ப், மொட்டை மாடியில் கறுப்பு டேங்க், குளியலறையில் டிரம், சமையலறையில் வரிசையாகக் குடங்கள். ஒரு குடம் தண்ணீருக்காகக் குடுமிப்பிடி சண்டை போட்டவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இப்படித் தெருவே தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

எங்களுக்கு அம்மா இல்லை. தங்கைக்கு எல்லாம் நான்தான். கல்யாணமாகி முதலில் தரித்த பிள்ளை அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கப்புறம் சிரிப்பதையே மறந்திருந்தாள். மறுபடி முழுகாமல் இருந்து, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, ஆனிக் கடைசியில் பிரசவத்துக்காக அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாப்பிள்ளைக்கு ஓசூர் பக்கம் வேலை, மாதம் ஒரு தரம்தான் வருவார். இந்தத் தடவை பிள்ளையை உயிரோடு கையில் வாங்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

இனி தங்கையின் மாமியார். எங்கள் சம்பந்தி அம்மா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கதவு, ஜன்னல், பீரோ விற்கிறவர். வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கியவர். சந்தை இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். வயதில் நான் சின்னவள் என்பதால் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு எதிரே, அவர் ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். போர்வெல் போட்டதும் நல்ல தண்ணீர் கிடைத்தது. எங்கள் பக்கம் அது லேசான விஷயமில்லை. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட கையோடு தங்கை முழுகாமல் இருப்பது தெரிந்தது. உடனே வேலையை நிறுத்திவிட்டார். வீட்டில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கட்டட வேலை செய்யக் கூடாது என்பது எங்களில் பல குடும்பங்களில் உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் அவர் அதற்கும் மேலே ஒரு படி போனார். கட்டடத்தின் முன்பக்கம் பெரிய சம்ப் ஒன்று, போர்த் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி நின்றது. வேலைதான் நிற்கிறதே, இதைக் காலி செய்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார்.

"இன்னா பேசற நீ? அது நெறஞ்சி நிக்குது. என் மருமவ வயிறும் நெறஞ்சி கீது. அவ பெத்து எயுந்திரிக்கற வரிக்கும் இதுல ஒரு சொட்டு கொறயக் கூடாது."

அவ்வளவுதான். மஞ்சள் தூவி, பூப் போட்டு, கற்பூரம் காட்டி, சந்தையிலிருந்து ஒரு பழைய தேக்குக் கதவைக் கொண்டு வந்து சம்ப்பின் வாயை மூடினார். கதவில் பூட்டைக் கழற்றின இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஹோஸ் விட்டு, சந்தை முடிந்து வரும்போதெல்லாம் மோட்டார் போட்டு, குறைந்த தண்ணீரை நிரப்புவார். நிரம்பி வழிந்தால்தான் நிறுத்துவார். கதவைத் திறக்கவே மாட்டார். அவர் போன பிறகு நானும் தங்கையும் சிரிப்போம். ஆனால் தங்கை சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக்கொள்வாள். அவளுக்கும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டதைக் கவனித்தேன்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம், மண்டை காய்கிற வெயிலில், "அக்கா, குளிருதுக்கா" என்றாள். விளையாடுகிறாளோ என்று திரும்பினேன். பல் கிட்டித்துப்போய்க் கட்டிலோடு ஆடிக்கொண்டிருந்தாள். இருந்த போர்வையெல்லாம் போர்த்தி, மேலே நானே படுத்து அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. பிறகு உடம்பு கொதித்தது. பிறகு வியர்த்து ஊற்றி, தூங்கிவிட்டாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து மீன் குழம்பு கேட்டாள். அதற்கு மறுநாள், அதே மத்தியான வேளைக்கு, மறுபடி குளிர். வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்து நடுங்குகிறதோ என்று ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து, மலேரியா என்றார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் இருப்பதற்கு இப்போது மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் இந்தக் கிருமி ஈரலிலும் போய் ஒளிந்துகொள்ளும். அதை விரட்டுகிற மருந்தை வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கக் கூடாது. அதனால் பிரசவம் வரைக்கும் வாராவாரம் மாத்திரை. "புதுசா ஒரு கொசு கடிக்காம பாத்துக்குங்க. திரும்பத் திரும்ப வந்தா குழந்தைக்குத்தான் ஆபத்து."

செய்தி பல்லாவரத்துக்குப் போனது. அன்று சாயங்காலமே ஆட்டோ வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"இன்னாம்மா பெரியவளே, நான் என் மருமவள உன்னாண்ட குட்த்தேனா, கொசுவாண்ட குட்த்தேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தை, கொசு என்ன, நான் வளர்க்கிறதா?"

"வூட்ட ஒயுங்கா வெச்சிக்கினு இருந்தா அது ஏன் வருது? எயுந்திரிடி, பல்லாவரத்துக்குப் போலாம்."

தங்கை அசையவில்லை. "நான் அக்கா கூடத்தான் இருப்பேன், அத்தே."

சம்பந்தி அம்மா ஆட்டோவிலிருந்து பையை எடுத்து உள்ளே வைத்தார். "அப்ப நானும் இங்கதான். பாய் எங்க கீது?" அடக் கடவுளே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து பிரசவம் வரை அவர் எங்கள் வீட்டில்தான்.

தங்கையின் பெயர் மலேரியாப் பதிவில் ஏறியதால் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் ஆள் வந்து எங்கள் டிரம், குடம் எல்லாம் பார்த்தார். சம்பந்தி அம்மா அவரை விடவில்லை. எந்தக் கொசு, எங்கே முட்டை போடும், புழு எப்படி இருக்கும் என்று குடைந்து எடுத்துவிட்டார். பாவம், அவரும் டீ குடித்துக்கொண்டே சொன்னார். சாக்கடைக் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். இதன் புழு தண்ணீர் மேலே மட்டமாகப் படுத்துக் கிடக்கும். சுத்தமான, அசையாத தண்ணீர் வேண்டும். சுவரில் உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும்.

மறுநாள் காலை சம்பந்தி அம்மா குளித்து, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, என் சமையலறையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கப் ஒன்றையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க அத்தை?"

"தெருவுக்கு."

தெருவில் எந்த வீட்டையும் விடவில்லை. முதலில் எங்கள் மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா. மொட்டை மாடிச் சாவியைக் குடித்தனக்காரர்கள் கண்ணில்கூடக் காட்டாதவர். வாடகைக்கு வந்ததிலிருந்து நான் அந்த மாடியில் ஒரு துணி உலர்த்தியதில்லை. சம்பந்தி அம்மா போய்க் கேட்டார், சாவி வந்துவிட்டது! என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டேங்க் மூடி விரிசல் விட்டிருந்தது. கப்பால் ஒரு தரம் மொண்டார். வெள்ளைக் கப்பில் சின்னச் சின்னக் கோடுகள் மட்டமாகப் படுத்து நெளிந்தன.

"இது குடிக்கற தண்ணிங்க. இப்பத்தான் ஏத்தினேன்" என்று அந்த அம்மா இழுத்தார்.

"குடி, வேணாங்கல. புயுவோட குடிக்கப் போறியா?"

டேங்க் காலியானது. நின்று தேய்க்க வைத்துவிட்டுத்தான் கீழே வந்தார். அடுத்து மூலை வீட்டு சார். ரிட்டயரானவர், தினம் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். "எங்க வீட்ல அந்த மாதிரி எல்லாம் கிடையாதும்மா" என்று கேட்டைத் திறக்காமலே சொன்னார். "இல்லாங்காட்டி சந்தோசம் சார். பாத்துட்டுப் போயிடறேன்." அவருடைய சம்ப்பிலும் இருந்தது. பஞ்ச காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பி, இன்னொரு பஞ்சம் வரும் என்று தொடாமல் வைத்திருந்த தண்ணீர். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இறைத்துக் கொட்டினார். மளிகைக் கடை பாய் வீட்டு அக்கா மட்டும் இவர் வருவதைப் பார்த்ததுமே டிரம்களைத் தானே கவிழ்த்துவிட்டு, "வாங்கம்மா, டீ சாப்பிடுங்க" என்றார்.

தெருவே என்னை முறைத்தது. உங்க சம்பந்தி என்ன, பெரிய அதிகாரியா என்று ஜாக்கெட் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியது யாருக்காக? என் தங்கைக்காக. மிஷினை மிதித்துக்கொண்டே, 'ஏறுங்க அத்தை, ஏறுங்க' என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

எல்லா வீடும் முடிந்தது. ஆனால் சாயங்காலம் விளக்குப் போட்டால் எங்கள் சுவரில் அவள் உட்கார்ந்திருப்பாள். வாலைத் தூக்கிக்கொண்டு, சாய்வாக, ராணி மாதிரி. சம்பந்தி அம்மா தினமும் தங்கையைக் கொசுவலைக்குள் உட்கார வைத்துவிட்டு, சுவர் சுவராக டார்ச் அடித்துத் தேடி அடிப்பார். மறுநாள் புதிதாக வந்திருக்கும்.

"எல்லா வூடும் பாத்தாச்சி. பின்ன எங்கேந்து வர்றா இவ?"

நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திறந்து பார்க்காத தொட்டி தெருவில் ஒன்றே ஒன்றுதான். எனக்கா வாய் சும்மா இருக்கும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தங்கை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். நிறைந்த தொட்டியைத் திறக்கச் சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கும் பயம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். சம்பந்தி அம்மா அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் தெருவில் ஈ காக்கை இல்லை. மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தி அம்மா கையில் கப்போடு எதிர்மனைக்குப் போய்க்கொண்டிருந்தார். சம்ப்புக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கதவின் மேல் வாடிக் கிடந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தார். கதவை இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளினார். குனிந்து ஒரு தரம் மொண்டார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

பிறகு நிமிர்ந்து தெருவைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. நான் ஜன்னலில் இருப்பது அவருக்குத் தெரியாது. கப்பில் இருப்பதை மணலில் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கதவை மூடியிருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் கப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தெருவுக்கு வந்தார். நேராக மூலை வீட்டுக்குப் போய் கேட்டைத் தட்டினார். நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"சார், கொஞ்சம் வெளிய வா. இதப் பாரு. இன்னா கீது?"

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "புழுதான். யார் வீட்டுதும்மா?"

"என்னுது. என் சம்ப்புல மொண்டேன். அவ்ளோ கெடக்குது. உன் தண்ணிய கொட்ட வெச்சேன் இல்ல? அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சம்பந்தி அம்மா பதிலுக்கு நிற்கவில்லை. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. யார் யார் வீட்டில் குரலை உயர்த்தினாரோ, அத்தனை வாசலிலும் போய் நின்று, அதே கப்பை நீட்டி, அதே வார்த்தையைச் சொன்னார். குரல் மட்டும் சந்தைக் குரல் இல்லை. பாய் வீட்டு அக்கா கப்பைப் பார்க்கவேயில்லை, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று கையைப் பிடித்தார். இவர் கையை விடுவித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வூடு கீதும்மா."

ஒரு வீட்டில் யாரோ, பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு வந்து கொட்டகை போட்டிருக்கிறவர்கள்தான் காய்ச்சலைக் கொண்டு வந்தார்கள், உங்கள்மேல் என்ன தப்பு என்று ஆறுதலாகச் சொல்லப் போக, சுருக்கென்று திரும்பினார். "பாவம், அதுங்க பொயப்ப தேடி வந்துதுங்க. காய்ச்சலு யாராண்டதான் இல்ல? அத்த ஒருத்தராண்டேந்து ஒருத்தருக்குத் தூக்கினு போனது என் தண்ணில பொறந்த கொசு."

கடைசியாக எங்கள் வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கையின் முன்னால் கப்பை நீட்டினார்.

"பாருடி. உன் கொயந்த நல்லா இருக்கணும்னு வெச்ச தண்ணி."

தங்கை கப்பைப் பார்த்தாள். அழவில்லை. அதற்குள் பின்னாலேயே வந்திருந்த வீட்டுக்கார அம்மா, "கொட்டணும்னு என்னங்க, மருந்து ஊத்தினா போதுமே. பிள்ளைத்தாய்ச்சிக்காக வெச்சது. நிறைஞ்சது நிறைஞ்சபடியே இருக்கட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சம்பந்தி அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊரு தொட்டியெல்லாம் கவுக்கறதுக்கு நானு. என் தொட்டிக்கு மட்டும் மருந்தா?" கப்பை என் கையில் கொடுத்தார். "காலி பண்ணிடலாம்."

சொல்லிவிட்டாரே தவிர, சம்ப்பிலிருந்து இறைக்கிற மோட்டார் பக்கத்தில் போய் நின்றதும் கை சுவிட்சுக்குப் போகவில்லை. தெருவே கூடியிருந்தது. தண்ணீரைச் சாக்கடைக்கு விட எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது, குடமும் பக்கெட்டுமாக வந்திருந்தார்கள், துணி துவைக்கவாவது ஆகுமே என்று. அவர் தண்ணீரைப் பார்ப்பதும் தங்கையின் வயிற்றைப் பார்ப்பதுமாக நின்றார். உதடு என்னவோ முணுமுணுத்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்து, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நானே போடறேன் அத்தே" என்று சுவிட்சைப் போட்டாள்.

ஹோஸில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடித்தரை தெரிகிற வரைக்கும் சம்பந்தி அம்மா தங்கையின் தோளை விடவில்லை. பிறகு ஏணி போட்டு இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு அவரே தேய்த்தார். யாரையும் இறங்க விடவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். சுவரில் கொசு குறைந்தது நிஜம். தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை என்பதும் நிஜம். ஆனால் ஆவணியில் ஒரு மத்தியானம் தங்கைக்கு மறுபடி குளிர் வந்தது. நான் அலறிவிட்டேன். சம்பந்தி அம்மா அலறவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் காலிரண்டையும் தன் மடியில் இழுத்து வைத்து அழுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரலில் ஒளிந்திருந்த பழையதுதான் எழுந்திருக்கிறது, புதிதாகக் கடித்ததாகத் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. பிள்ளையின் இதயத் துடிப்பு இருக்கிறது, பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' எங்கள் மூன்று பேரையும் ஒரு வழி பண்ணியது.

அன்று சாயங்காலம், தங்கை தூங்கின பிறகு, என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். "அத்தை, தொட்டியைக் காலி பண்ணினதாலதான்னு நினைக்கிறீங்களா?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்தபடியே சொன்னார். "நெனக்காம இருப்பேனா? ஒரே பேஜாரா கீதும்மா. கண்ண மூடினா அந்தக் காலித் தொட்டிதான் தெரியுது."

"அப்போ, மறுபடி நிரப்பிடலாமா?"

"சீ, போ. என் பயம் என்னாண்ட இருந்துட்டுப் போட்டும். அத்த நான் ஏன் கொயந்த தலைல ஏத்தணும்?" வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "நீ போய் வலைய சரியா சொருவு. கால் பக்கம் தொங்குது பாரு."

எத்தனையோ தைரியசாலிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பயமே இல்லாமல் ஒன்றைச் செய்கிறவர்களைப் பெரிதாகச் சொல்வார்கள். இந்த மனுஷி தலையிலிருந்து கால் வரை பயத்தை வைத்துக்கொண்டு, சரியானதைச் செய்துவிட்டு, அந்தப் பயத்தோடு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரைத் தூக்கிப் போட்டேன்.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. ஆனால் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது. அதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், யோசித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அம்மா இருந்திருந்தால் அம்மாவைச் சொல்லியிருப்பேன். நானும் தங்கையும் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு நான் போனபோது அவள் கையை நீட்டி மாமியாரைக் காட்டினாள்.

"அத்தை, நீங்கதான் வைக்கணும்" என்று சங்கை நீட்டினேன்.

சம்பந்தி அம்மா சங்கை வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். நேராகப் போய் வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாங்க? தாய்ப்பாலு மட்டும்தான்னு சொன்னாங்களா இல்லியா? ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது."

"அப்போ உங்க குணம் எப்படி வரும்?"

"என் கொணமா!" என்று கையை உதறினார். "வேணாம்டிம்மா. ஊரு வூட்டு டேங்கையெல்லாம் தொறந்து பாத்துச் சண்ட வலிச்சிக்கினு திரியும்."

"தன் வீட்டு டேங்கையும் திறந்து பார்க்கும்ல அத்தை" என்றேன். "அது வந்தா போதும் எங்களுக்கு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.